நீளம் மாற்றும் இரும்பு ஸ்கேட்: இரும்புச் சக்கரமா, பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சக்கரமா?

செலவு: இரும்பு மலிவு. பி.யு.வுக்கு ஜோடிக்கு 8 சக்கரம், 16 பேரிங் (608 என்ற அளவு, உள்விட்டம் 8 மி.மீ.) வேண்டும். பழைய அச்சு அதைவிட மெலிசாக இருந்தால் புஷ் (அச்சின் மேல் மாட்டும் குழல்) கடைந்து போடணும், இல்லாவிட்டால் சக்கரம் ஆடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஸ்பேசர் (இடைவெளி காக்கும் சிறு குழல்) விட்டுப்போனால், நட்டை இறுக்கியதும் சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டம்: இரும்பு வழவழப்பான தரையில் வழுக்கும், தார் ரோட்டில் கால் அதிரும். அந்த அதிர்வில்தான், நீளத்தை இறுக்கிப் பிடிக்கும் நடுத்தகட்டு நட்டு தளர்ந்து, ஓடும்போதே ஸ்கேட் நீண்டுவிடும். பெரிய ஆபத்து! எந்தச் சக்கரமானாலும் அங்கே நைலான் வளையம் வைத்த நட்டே போடுங்கள்.

உழைப்பு: தேய்மானம் இரும்புக்குக் குறைவு. ஆனால் குளச்சல், முட்டம் உப்புக்காற்றில் சக்கரமே துருவேறும், பி.யு.வில் பேரிங் மட்டும். பேரிங்கை ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள்.

முற்றத்தில் நிற்கப் பழகும் பிள்ளைக்கு இரும்பு போதும். சிமென்ட் தளத்தில் வேகமாக ஓட பி.யு.தான்.