எம்பெட் டிஎல்எஸ்ஸா, உல்ஃப்எஸ்எஸ்எல்லா: ஏற்காட்டு மோட்டார் பெட்டிக்கு நாங்கள் எடுத்த முடிவு

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு மோட்டார் கண்காணிப்புப் பெட்டி செய்து கொடுக்கிறோம். மாசி, பங்குனியில் மழை ஏமாற்றினால் ஸ்பிரிங்க்ளர் போட்டுத்தான் காப்பியைப் பூக்க வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பது ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கணினிச் சிப். 'மோட்டார் ஓடுகிறது' என்ற சேதி மட்டும் போனால் பரவாயில்லை. 'மோட்டாரைப் போடு' என்ற கட்டளையும் அதே வழியில் வருகிறது. அதனால் டிஎல்எஸ், அதாவது சேதியைப் பூட்டி, எதிர்முனை யார் என்று சரிபார்த்து அனுப்பும் முறை, கட்டாயம். அதைச் செய்துதரும் ஆயத்த நிரல்களில் (லைப்ரரி) எம்பெட் டிஎல்எஸ்ஸா, உல்ஃப்எஸ்எஸ்எல்லா என்பதில்தான் எனக்கும் என் பங்காளிக்கும் பல நாள் வாக்குவாதம்.

வேகம், பாதுகாப்பு இரண்டிலும் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டுமே ஏஇஎஸ், எலிப்டிக் கர்வ் என்ற பூட்டு முறைகள், புதிய டிஎல்எஸ் 1.3 எல்லாம் தருகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு சேதி அனுப்பும் பெட்டிக்கு மில்லிசெகண்ட் கணக்கு எதற்கு?

நினைவகத்தில் உல்ஃப்எஸ்எஸ்எல் கை ஓங்கித்தான் இருக்கிறது. டிஎல்எஸ்ஸில் ஒரு ரெக்கார்டு (ஒரு தடவை அனுப்பும் துண்டு) 16 கேபி வரை வரலாம் என்பதால் எம்பெட் டிஎல்எஸ் அதற்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கும். சர்வரும் நம்முடையது என்றால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். நான் அவசரப்பட்டு 4 கேபி ஆக்கி, சர்வர் தன்னை நிரூபிக்க அனுப்பும் சான்றிதழ் சங்கிலி உள்ளே நுழையாமல் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டது தனிக்கதை.

உரிமம் அடுத்தது. எம்பெட் டிஎல்எஸ் அப்பாச்சி 2.0, விற்கிற பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், காசில்லை. உல்ஃப்எஸ்எஸ்எல் ஜிபிஎல், நம் மூலநிரலைத் திறந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். வருடத்துக்கு முப்பது பெட்டி விற்கிற எங்களுக்கு அது கனம். அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் என்ற குறியாக்கத் தரச் சான்று கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் கதை வேறு. அந்தக் காசுக்கு எழுதியவர்களே உதவிக்கு வருவார்கள் என்பதும் உண்மை. நான் உல்ஃப்எஸ்எஸ்எல்லை இரண்டு மாதம் மேசைமேல் ஓட்டிப் பார்த்ததோடு சரி, தோட்டத்தில் ஒரு மழைக்காலம்கூட வைத்ததில்லை.

இவ்வளவையும் தள்ளிவைத்துவிட்டு என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. அதைச் சொல்ல 2021 செப்டம்பர் 30-க்குப் போக வேண்டும்.

அன்று இரவு ஏழரை மணிக்கு மேல் பதின்மூன்று பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாயை மூடின. மறுநாள் காலை மேஸ்திரி போன் செய்தார்: "சார், பொட்டி பேசவே மாட்டேங்குதுங்க, கரண்டு நல்லாத்தான் இருக்குதுங்க." தப்பு கரண்டில் இல்லை, என்னிடம். சர்வருக்கு இருந்தது, இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சான்றிதழ். அதைச் சரிபார்க்கப் பெட்டிக்குள் நான் வைத்திருந்தது டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ஒரே ஒரு வேர்ச் சான்றிதழ்; மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படை அதுதான். அதன் ஆயுள் அன்று மாலை முடிந்துவிட்டது. வேரின் தேதியையும் எம்பெட் டிஎல்எஸ் பார்க்கும். ஈஎஸ்பி சிப்புக்கு அதன் தயாரிப்பாளர் தரும் நிரல்தொகுப்பில் வழக்கமாக அணைந்தே கிடக்கும் அந்தத் தேதிச் சரிபார்ப்பை, பொறுப்பானவன் என்ற நினைப்பில் நானே போட்டிருந்தேன். சரி, புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் நிரல்) அனுப்பலாம் என்றால் அதுவும் அதே டிஎல்எஸ் வழியாகத்தான் இறங்க வேண்டும்! இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து, லேப்டாப்பைச் செருகி மாற்றி முடிக்க ஆறு நாள்.

இதில் ஒரு வேடிக்கை. சோதனைக்காக விட்டு வைத்திருந்த ஒரு பழைய ஈஎஸ்பி8266 சிப் பெட்டி மட்டும் அசராமல் பேசிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது பேர்எஸ்எஸ்எல் என்ற இன்னொரு லைப்ரரி. அது வேரின் பெயரையும் பொதுச்சாவியையும் மட்டும்தான் வைத்துக்கொள்ளும், வேரின் தேதியை அல்ல. இதைக் கண்டதும் பங்காளி அதற்கே மாறிவிடலாம் என்றார். டிஎல்எஸ் 1.3 இல்லாத, 2018-க்குப் பிறகு புது வெளியீடே பார்க்காத ஒன்றை எப்படி நம்பி விற்பது? அந்தப் பெட்டியின் அதிர்ஷ்டமும் 2024-ல் முடிந்தது.

ஆக, பெட்டி மலையில் ஏழெட்டு வருடம் கிடக்கும்; அதுவரை திருத்தங்கள் என் கைக்கு எப்படி வரும் என்பதே எனக்குக் கேள்வி. எம்பெட் டிஎல்எஸ் ஈஎஸ்பி நிரல்தொகுப்போடு சேர்ந்தே வருகிறது, அதைப் புதுப்பித்தால் இதுவும் புதுப்பிக்கப்படும். உல்ஃப்எஸ்எஸ்எல் என்றால் இரண்டு வெளியீடுகளைத் தனித்தனியே கவனித்துக் கோக்க வேண்டும். மூன்று பேர் உள்ள கடையில் அந்த இரண்டாவது கண் யாருடையது?

எம்பெட் பக்கமும் ரோஜாப் படுக்கை இல்லை. 2.28 வரிசைக்கு ஆதரவு நின்றுவிட்டது. 3-க்கு மாறியபோது லைப்ரரியின் ஸ்ட்ரக்ட் (தரவுக் கட்டு) உறுப்புகளை நேரடியாகத் தொட முடியாமல் போனது; தனிச்சாவியைப் படிக்கும் ஃபங்ஷனுக்கே தற்செயல் எண் உற்பத்தி ஃபங்ஷன் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் நிரலைத் திருத்த மூன்று வாரம்.

இப்போது பெட்டிக்குள் 2035 வரை செல்லும் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற வேர்ச் சான்றிதழ் இருக்கிறது. ஃபர்ம்வேர் இறக்கும் வழிக்கு மட்டும் எங்கள் சொந்த வேர்ச் சான்றிதழ், தனி சர்வர். மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் 1970-க்குப் போய்விடும், உடனே எல்லாச் சான்றிதழும் 'இன்னும் பிறக்கவில்லை' ஆகிவிடும் என்பதால் பட்டன் செல் போட்ட கடிகாரச் சிப் ஒன்றும் உண்டு. எம்பெட் டிஎல்எஸ் 3.6 வரிசைக்கு 2027 மார்ச் வரை ஆதரவு. அடுத்த மாற்றத்தை அந்த வருடப் பூக்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று பங்காளி இப்போதே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்.