விடுதியா, 84 இரவு வீடா?

இங்கிலாந்தில் சிறையிலிருந்து வெளிவருபவரை எங்கே தங்கவைப்பது? நன்னடத்தை அலுவலர் முன் இரண்டு வழிகள்.

யாருக்கு: பிறருக்குப் பெரும் ஆபத்தாகக்கூடியவருக்கு அப்ரூவ்ட் பிரமிசஸ் எனும் கண்காணிப்பு விடுதி. போக்கிடமின்றித் தெருவுக்கு வரக்கூடியவருக்கு சி.ஏ.எஸ்.3 எனும் அரசுத் திட்டத்தின் தற்காலிக வீடு.

கண்காணிப்பு: விடுதியில் 24 மணி நேரமும் ஊழியர், வழக்கமாக இரவு 11 முதல் காலை 6 வரை வெளியே போகமுடியாது. வீட்டில் ஊழியர் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

காலம்: விடுதியில் பெரும்பாலும் 12 வாரம், வீட்டில் அதிகபட்சம் 84 இரவு. (கணக்கில் இரண்டும் ஒன்றே!) சறுக்குவது இங்கேதான். 80ஆவது இரவில் வீடு கேட்டு உள்ளாட்சிக் கவுன்சிலுக்கு ஓடினால் சாவி கிடைக்காது. வீடற்றோர் விண்ணப்பம், அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு, யூனிவர்சல் கிரெடிட் எனும் அரசு உதவித்தொகை எல்லாம் முதல் வாரத்திலேயே நகர வேண்டும்.

ஆபத்து அதிகமென்றால் விடுதிதான், யோசிக்கவே வேண்டாம். அது முடிந்தும் இடமில்லையென்றால் அடுத்து சி.ஏ.எஸ்.3 கேட்கலாம்.