22 பல்லும் நனைந்த ரிம்மும்

"மாமா, புது கியர் சைக்கிள் வாங்கட்டா, இல்ல தாத்தா வண்டிய மாதிரி பழசு ஒண்ணத் தேத்தட்டா?" என்று அக்கா மகன் கேட்டான். நேரில் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமாக இங்கே.

அப்பா 1987-ல் வாங்கிய 28 இஞ்ச் கறுப்பு வண்டி. தொழுவத்தில் கிடந்ததை ஓவராயில் பண்ணி மூன்று வருஷமாக ஓட்டுகிறேன். அச்சில் உருளும் பால்ரஸ், அதைத் தாங்கும் கோன், பெடல் தண்டை இறுக்கும் காட்டர் பின், டயர் எல்லாம் புதுசு. அது எல்லாரும் செய்வதுதான். நான் வாயாரப் புகழ்வது பின்சக்கர ஃப்ரீவீலை, அதாவது பின்னால் செயின் மாட்டும் பல்சக்கரத்தை.

பழைய ஃப்ரீவீலுக்கு 18 பல், முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்துக்கு 44. நாஞ்சில்நாட்டுச் சமதள வயல் ரோட்டுக்கு அது ராஜநடை. திருவட்டாரிலிருந்து குலசேகரம் பக்கம் போகிறவனுக்கு? ரோடு ஏறும், இறங்கும், மூச்சு வாங்குமுன் மறுபடி ஏறும். கடைக்கார அண்ணன் 22 பல் ஃப்ரீவீல் மாட்டி, செயினில் கண்ணி சேர்த்துத் தந்தார். பெடலை ஒரு முழுச் சுற்று சவுட்டினால் ஐந்தரை மீட்டர் போன வண்டி இப்போது நாலரைதான் போகும். அந்த ஒரு மீட்டர் குறைந்ததில் சவுட்டு லேசாகி என் கால்முட்டு பிழைத்தது. கேரியரில் மரச்சீனி மூட்டை இருந்தாலும் இறங்காமல் ஏறிவிடுகிறேன்.

ஏறினால் இறங்கணுமே. அங்கேதான் வயிற்றெரிச்சல்.

கேபிள் இல்லாத, இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக். பிடித்தால் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கம் அமுங்கும். வெயிலில் குறையே சொல்ல மாட்டேன், நியாயம் நியாயம்தான். இரும்பு ரிம் நனைந்தால் மட்டும் சாமியைக் கூப்பிட வேண்டும். நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ரிம் கோட்டம் எடுத்தாயிற்று, மூன்று ஜோடிக் கட்டை மாற்றியாயிற்று. போன ஆடியில் ஒரு இறக்கத்தில் காலைத் தேய்த்துத்தான் நின்றேன். செருப்பு வார் அறுந்தது. எதிரே வந்த பஸ் டிரைவர் சொன்னது எழுதக்கூடியதல்ல.

இக்கால பிரேக் போடலாமே என்றால், இந்த ரிம்முக்குப் பக்கவாட்டில் உருட்டு, கட்டை பிடிக்கத் தட்டையான இடமில்லை. ரிம்மையே மாற்றணும், போக்ஸ் கம்பி மறுபடி கோக்கணும், பின்னால் மட்டும் 40 கம்பி. அப்புறம் அப்பா வண்டி என்று பெல்லைத்தான் காட்டலாம்.

அதனால் மருமகனே, நல்ல டிஸ்க் பிரேக் பார்த்துப் புதுசே வாங்கு. பழசு வேண்டவே வேண்டாம். என் வண்டியை மட்டும் கேட்காதே, தரமாட்டேன். நாலாவது ஜோடிக் கட்டை நேற்றுத்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.