பழைய ரிவால்வருக்கு ரிப்பேர்: ஊரில் அலைந்த கதை

டொராண்டோவிலிருந்து லீவுக்குப் பொள்ளாச்சி வந்ததும் அப்பா சொன்ன முதல் வேலை, தாத்தா காலத்து .32 வெப்லி ரிவால்வரைச் சரி பண்ணித் தரணும் என்பதுதான். பின்னால் உள்ள ஹாமரை இழுத்தால் குண்டுகள் போடும் சிலிண்டர் சுற்றுகிறது, ஆனால் சரியான இடத்தில் பூட்டாமல் ஆடுகிறது. அந்த நிலையில் சுட்டால் குண்டு குழாய்க்கு நேராகப் போகாது, ஓரத்தில் உரசி ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும்.

கோயமுத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம், இது மாதிரி சின்னப் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடைந்து தருவார்கள். ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, தொழிலாகத் துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவர் கையில் கொடுத்தால் அவருக்கும் வம்பு, நமக்கும் வம்பு.

லைசென்ஸ் உள்ள கடை ஒன்றில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பாலிஷ் போட்டுத் தர்றேன், இல்லைன்னா புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். எரிச்சல்தான் வந்தது. விற்கிறவர் எல்லாம் வேலை தெரிந்தவர் இல்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் யாரு?" என்பதுதான்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சென்னையில் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் முதலில் கேட்டது லைசென்ஸ் புத்தகத்தை. அதிலுள்ள நம்பரையும் துப்பாக்கியில் அடித்திருக்கும் நம்பரையும் லென்ஸ் வைத்து ஒப்பிட்டார். அப்புறம் சிலிண்டர் காலிதானா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு அறையாகச் சுற்றி நிறுத்தி விரலால் அசைத்தார். திருகுகளின் தலை சிதைந்திருந்ததைக் காட்டி, "யாரோ வீட்டு ஸ்க்ரூ டிரைவர் போட்டிருக்காங்க தம்பி" என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். சிலிண்டரைத் தள்ளும் கொக்கி தேய்ந்து போயிருந்தது. வெப்லிக்கு ஸ்பேர் எங்கே தேடுவது, அவரே எஃகில் அராவி, மெழுகுவர்த்திக் கரி பூசிப் பொருத்திப் பார்த்து, கரி அழியும் இடத்தை மட்டும் மறுபடி அராவினால்தான் சரியாக உட்காருமாம். பாலிஷ் வேண்டவே வேண்டாம் என்றார், நம்பர் மங்கினால் நாளைக்கு போலீசில் பதில் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மூட்டு வலி, திரும்ப வாங்கி வர நான்தான் போனேன். லைசென்ஸ்தாரர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் ரிப்பேருக்காக வேறொருவர் எடுத்துப்போகச் சட்டத்தில் இடமுண்டு. அப்பாவின் கடிதம், அசல் லைசென்ஸ், கடை ரசீது மூன்றையும் கையோடு வைத்திருந்தேன். சிலிண்டர் இப்போது சும்மா டக்கென்று நிற்கிறது.

"கனடாவுக்கே கொண்டு போயிருக்கலாமே" என்று மாமா கேட்டார். அங்கே 2022 அக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கி விற்பனை, கைமாற்றத்துக்கே தடை, இதைக் கொண்டு போய் நான் உள்ளே போகவா?

லீவில் இந்த வேலையை வைத்திருப்பவர்கள் வந்த வாரமே கொடுத்துவிடுங்கள், கையால் அராவும் வேலை அவசரத்துக்கு ஆகாது. தேர்தல் நேரமாக இருந்தால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருப்பார்கள்.