மருந்துச் சோதனைக்குப் போய் வந்தேன்: 5-க்கு 3

புது ரத்த அழுத்த மாத்திரைக்கான சோதனையில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ரத்தம் எடுத்த நர்ஸுக்கு நல்ல கைராசி, வலியே தெரியவில்லை. ஒப்புதல் படிவம்தான் உதைத்தது. 22 பக்கம், பொடி எழுத்து. "கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டா போதும் சார்" என்றார் வரவேற்பில் இருந்தவர். எப்படிப் போதும்? மனிதர்கள் மீது நடத்தும் மருத்துவச் சோதனைகளுக்கென 1947-இல் வந்த நியூரம்பெர்க் நெறிமுறையின் முதல் வரியே, சோதனைக்கு உட்படுபவர் தானாக முன்வந்து சம்மதிக்க வேண்டும் என்பதுதான். பிடிவாதமாக உட்கார்ந்து படித்தேன். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரி 17-ஆம் பக்கத்தில் பதுங்கிக் கிடந்தது!

எங்களுக்கு முன்னால் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த எலிகளுக்கு என்ன ஆயிற்று என்று டாக்டரிடம் கேட்டேன். மழுப்பாமல், அதிக டோஸில் ஈரல் வீங்கியதுவரை சொன்னார். மூன்றாவது நட்சத்திரம் அவருக்காக. (எலியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை, அது வேறு கதை.) காத்திருப்பு அறையில் ஏசி கொடுமை, ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.