ஒய்-ஒய்யா, மீன்முள்ளா, ‘உண்டு–இல்லை’ அட்டவணையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொடங்கி ஆரம்பாக்கம், தடா தாண்டி ஸ்ரீசிட்டி வரை எந்த உதிரிபாகக் கம்பெனிக்குள் போனாலும், குவாலிட்டி டிபார்ட்மென்டில் எய்ட்-டி ரிப்போர்ட் (எட்டுப் படி அறிக்கை) ஃபார்ம் ஒன்று கட்டாயம் இருக்கும். கஸ்டமரிடமிருந்து கம்ப்ளைண்ட் வந்தால் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் நான்காவது கட்டம் மூலக் காரணம். நான் அங்கே அதிகம் படித்திருக்கும் பதில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’. அதற்கு நேராக, ‘மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது’. கொஞ்ச நாளில் அதே கம்ப்ளைண்ட் திரும்பி வரும். அதே ஃபார்ம், அதே பதில், ஆபரேட்டர் பெயர் மட்டும் வேறு.

இது எனக்குப் பொறுக்காத விஷயம். நைட் ஷிஃப்டில் நின்று வேலை செய்யும் ஒரு பையனின் பெயரைப் பொய்யான காரணத்துக்குக் கீழே எழுதுகிறோம். உண்மையான காரணமோ யாரும் தொடாமல் அப்படியே கிடக்கிறது. காரணம் தேடக் கையில் இருக்கும் முறைகளில் எது இந்தத் தப்பைத் தடுக்கிறது, எது அதற்கு வழிவிடுகிறது? இந்த அலசலில் என் அளவுகோல் அது ஒன்றுதான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒய்-ஒய், அதாவது ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போவது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடாவிடமிருந்து வந்த பழக்கம் இது. தொழிற்சாலைக்குள் முறையாக வளர்த்தவர் டொயோட்டா பொறியாளர் தாய்ச்சி ஓனோ. அவர் சொன்ன உதாரணம் இன்றும் பயிற்சி வகுப்புகளில் ஓடுகிறது. மெஷின் நின்றது, ஏன்? ஓவர்லோடாகி ஃபியூஸ் போனது. ஏன் ஓவர்லோடு? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்ப்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு பதிலும் கண்ணால் பார்க்கக்கூடியது, கையால் தொடக்கூடியது. தேய்ந்த தண்டைக் கழற்றி மேஜை மேல் வைக்கலாம். ஓனோவின் ஐந்து கேள்விகளுக்கு பலம் வந்தது அங்கிருந்துதான். ஐந்து என்ற எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை, மூன்றிலும் முடியலாம், ஏழு வரையும் போகலாம். நம் ஊரில் நடப்பது வேறு. மாலை ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் போக வேண்டும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து ஐந்து கட்டங்களை நிரப்புகிறோம். கேள்வி கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் பதிலாக வரும். ஒரே பிரச்சினையை மெயின்டெனன்ஸ்காரரிடம் கொடுத்தால் சங்கிலி மெஷினில் முடியும், குவாலிட்டிக்காரரிடம் கொடுத்தால் மெட்டீரியலில் முடியும், மேனேஜரிடம் கொடுத்தால் ஆபரேட்டரில் முடியும்.

ஒரு சம்பவத்தை விரிவாகச் சொல்கிறேன். தடா பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட். கார் கதவில் வரும் ஒரு மூடியை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் பாகத்தின் மேல் மினுமினுவென்று கோடுகள் விழ ஆரம்பித்தன. சில்வர் ஸ்ட்ரீக் என்பார்கள். குருணையில் (உருக்கப் போடும் பிளாஸ்டிக் மணிகளில்) ஈரம் இருந்தால், உருக்கும் குழாயான பேரலின் சூட்டில் அது ஆவியாகி, பிளாஸ்டிக் அச்சுக்குள் (மோல்டு) பாயும்போது மேற்பரப்பில் இழுபட்டுக் கோடாகிவிடும். அதனால்தான் ஏபிஎஸ் குருணையை, மெஷினுக்குள் இறக்கும் தொட்டியான ஹாப்பரின் டிரையரில் 80 டிகிரி சூட்டுக் காற்றில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் உலர்த்துகிறார்கள்.

ஆபீசில் எழுதிய ஒய்-ஒய் இப்படி இருந்தது. ஏன் கோடு? குருணையில் ஈரம். ஏன் ஈரம்? சரியாக உலரவில்லை. ஏன்? உலர்த்தும் நேரம் முடிவதற்குள் மெஷினை ஓட்டிவிட்டார்கள். ஏன்? நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் கவனிக்கவில்லை. ஏன்? பயிற்சி போதவில்லை.

முதல் மூன்று பதில்களும் உண்மை. நான்காவது வெறும் ஊகம், யாரும் போய்ப் பார்த்து எழுதியது அல்ல. சங்கிலி பொருளை விட்டு மனிதன் மேல் தாவிய அந்த இடத்திலேயே அது அறுந்துவிட்டது. ஆனால் பேப்பரில் ஐந்து கட்டமும் ஒரே மாதிரி நிறைந்திருப்பதால் அறுந்தது கண்ணில் படாது. ஒய்-ஒய்யின் பெரிய ஆபத்தே இதுதான்.

இதே பிரச்சினைக்கு இஸ்–இஸ் நாட் போட்டுப் பாருங்கள். தமிழில் ‘உண்டு–இல்லை’ அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். சார்ல்ஸ் கெப்னர், பெஞ்சமின் டிரீகோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1950-களில் வளர்த்த முறை இது. என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு என்று நான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதோடு, இருந்திருக்கலாம் ஆனால் இல்லை என்பதையும் எழுத வேண்டும். அட்டவணையின் இந்த ‘இல்லை’ பத்தியை (நெடுவரிசையை) உட்கார்ந்த இடத்திலிருந்து நிரப்ப முடியாது, லைனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

போய்ப் பார்த்தபோது வந்தது இது. நான்காம் மெஷினில் கோடு உண்டு, ஐந்தாம் மெஷினில் இல்லை. இரண்டிலும் அதே கிரேடு, அதே லாட் குருணை. இரவில் உண்டு, பகலில் இல்லை. ஷிஃப்டின் தொடக்கத்தில் உண்டு, நடு இரவுக்குப் பிறகு இல்லை. இதைவிட முக்கியம், இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்பவர் ஒரே ஆபரேட்டர். ஒரே ஆள் ஒரு மெஷினில் கவனமில்லாமலும் பக்கத்து மெஷினில் கவனமாகவும் எப்படி இருப்பார்? ‘கவனக்குறைவு’ என்ற பதில் அந்த வரியிலேயே விழுந்துவிட்டது.

சத்தியவேடு பக்கத்துப் பையன் அவன். தமிழும் தெலுங்கும் ஒன்றாகப் பேசுவான். மெஷின் பக்கத்தில் நின்று கேட்டதும் சொன்னான்: “அண்ணா, மோல்டு மாத்தினா மொத ரெண்டு மணி நேரம் கோடு வரும். அப்புறம் தானா நின்னுடும்.” அவனுக்கு இது முன்பே தெரியும், அவனிடம் யாரும் கேட்டதில்லை.

அங்கிருந்து நூல் பிடித்தால் விஷயம் முழுக்க அவிழ்ந்தது. நான்காம் மெஷினில் தினமும் சாயங்காலம் மோல்டு மாறும், நிறமும் மாறும். ஹாப்பரைக் காலி செய்து புதுக் குருணை கொட்ட வேண்டும். ஐந்தாம் மெஷினில் ஒரே மோல்டு நாள்கணக்கில் ஓடுகிறது. ஹாப்பர் காலியாவதே இல்லை. மேலே கொட்டிய குருணை கீழே இறங்கி வருவதற்குள் உலர்ந்துவிடும். பிளான் ஷீட்டில் மோல்டு மாற்ற முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், உலர்த்தும் நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. வெயில் காலத்தில் மூட்டையிலேயே ஈரம் குறைவு என்பதால் அரைகுறையாக உலர்ந்தாலும் தப்பித்தது. பழவேற்காடு ஏரிக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்ததும் தப்பவில்லை. காரணம் பிளான் ஷீட்டில் இருந்தது. மதியமே உதிரி டிரையரில் குருணையைப் போட்டுவைக்க ஏற்பாடு செய்ததும் கோடு நின்றது.

அப்படியென்றால் ஒய்-ஒய்யைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். ‘ஏன் நான்காம் மெஷினில் மட்டும்?’ என்று கேட்கத் தொடங்கினால் அதே ஒய்-ஒய் நேராகப் போகிறது. அட்டவணை முதலில், ‘ஏன்’ பிறகு. வரிசை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒப்பிட எதுவுமே இல்லாத இடத்தில் உண்டு–இல்லை உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மெஷின், முதல் நாளிலிருந்தே பிரச்சினை என்றால் ‘இல்லை’ பத்தி காலியாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் கைகொடுப்பது மீன்முள் வரைபடம். ஜப்பானியத் தர நிபுணர் கவுரு இஷிகாவா கொடுத்தது. மனிதர், மெஷின், மெட்டீரியல், முறை, அளவீடு, சூழல் என்று ஆறு முள். சென்னையைச் சுற்றிய கம்பெனிகளில் க்யூசி சர்க்கிளோடு (தொழிலாளர்களின் தர மேம்பாட்டுக் குழு) சேர்ந்து இது பரவியது. பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது பலருக்கும் உந்துதலாக இருந்தது. மீன்முள்ளின் நல்ல குணம், அது எல்லோரையும் சுவர் முன்னால் நிறுத்துவது. தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி பேசும் ஆட்கள் ஒன்றாக வேலை செய்யும் இந்த எல்லைப் பகுதியில், மீட்டிங்கில் வாய் திறக்காத ஒருவர் தன் மொழியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டலாம். அது பெரிய விஷயம். கெட்ட குணம், முப்பது காரணம் சேர்ந்ததும் ஓட்டுப் போட்டு மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. நம் மோல்டிங் ஷெட்டில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் டிரையர் ஹீட்டரும் பயிற்சியும்தான் ஜெயித்திருக்கும். பிளான் ஷீட் ஒரு முள்ளில்கூட ஏறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. மீன்முள்ளில் இருப்பவை சந்தேகங்கள். ஒவ்வொன்றையும் போய்ச் சரிபார்த்துக் கோடு போட்டு அடிக்க வேண்டும்.

பிரச்சினைகளைப் பெரியது முதல் சிறியது வரை அடுக்கும் பரேட்டோ படத்தை இந்தப் போட்டியில் சேர்ப்பது சரியல்ல. எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது என்று அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

ஃபால்ட் ட்ரீ தனி ரகம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில், மினிட்மேன் ஏவுகணைக்காகப் பிறந்தது. நடந்துவிடக் கூடாத ஒன்றை உச்சியில் எழுதி, எவை சேர்ந்தால் அது நடக்கும், எது தனியாகவே அதை நடத்தும் என்று கீழே கிளை பிரித்துக்கொண்டே போக வேண்டும். நேரம் தின்னும், ஆள் தேவைப்படும். வெள்ளிக் கோட்டுக்கு இது வேண்டாம். பாய்லர், கேஸ் லைன், கிரேன் என்றால் இதைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது.

காரணம் தேடுவதில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பார்க்க நாம் ஜப்பான் போக வேண்டியதில்லை, சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்த்தால் போதும். 2021 ஆகஸ்ட் 12 அன்று இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் தோற்றது. கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் நிலை எரியவில்லை. ஆய்வுக் குழு அதோடு நிற்கவில்லை. திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்திருந்தது, அதற்குக் காரணம் ஒரு வால்வில் கசிவு, கசிவுக்கு வால்வின் மென்சீல் (கசிவைத் தடுக்கும் மென்மையான அடைப்பு) சேதமடைந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று படிப்படியாக இறங்கினார்கள். ‘பெரும்பாலும்’ என்று எழுதிய நேர்மையைக் கவனியுங்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி-டி1 என்ற சிறிய ராக்கெட்டில் நடந்தது நம் கதைக்கு இன்னும் நெருக்கம். இரண்டாம் நிலை பிரியும்போது வந்த அதிர்வில் சென்சார்கள் கொஞ்ச நேரம் வரம்பு மீறிக் காட்டின. மென்பொருள் அவற்றைப் பழுது என்று முடிவு செய்தது. செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டப் பாதையில் விடப்பட்டன. ‘சென்சார் பழுது’ என்று ரிப்போர்ட் எழுதியிருந்தால், பழுதே ஆகாத சென்சாரை மாற்றிவிட்டு அதே தர்க்கத்தோடு மறுபடி ஏவியிருப்பார்கள். அவர்கள் தர்க்கத்தைத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரியில் டி2 வெற்றி பெற்றது.

எஃப்10 விசாரணையில் இன்னொரு வேலையும் செய்தார்கள். பறப்பில் இருந்த நிலைமையைத் தரையில் உருவாக்கி, சோதனை நடத்தி, கணித்தது சரிதானா என்று உறுதி செய்தார்கள். எந்த முறையில் காரணத்துக்கு வந்தாலும் இந்த ஒரு சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து. மோல்டிங் ஷெட்டிலும் அதைச் செய்தோம். கோடே வராத ஐந்தாம் மெஷினில், பகல் ஷிஃப்டில், ஹாப்பரைக் காலி செய்து மூட்டையிலிருந்து நேராகக் குருணையைக் கொட்டி, முக்கால் மணி நேரத்தில் ஓட்டினோம். கோடு வந்தது. இரண்டு மணி நேரம் போல ஓடியதும் நின்றது. அரை நாள் உற்பத்தி போனது, பிளானிங்கில் கோபப்பட்டார்கள். ஆனால் அந்தப் பாகங்களை மேஜை மேல் வரிசையாக அடுக்கியதும், பிளான் ஷீட்டில் உலர்த்தும் நேரத்துக்கு ஒரு வரி சேர்க்க பிளானிங்கே ஒத்துக்கொண்டது.