மாங்கூழ் ஆலையில் ஈஆர்பிநெக்ஸ்ட் செலவு மையங்கள்: சில பருவங்களின் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பெங்களூரா என்ற மாம்பழ ரகத்தின் வரத்துத் தொடங்கியதும் இரவு பகலாக ஓடும் எங்கள் ஆலை, பருவம் முடிந்தபின் கொய்யாவுக்காகச் சில வாரங்கள் இயங்கி, எஞ்சிய மாதங்களைப் பராமரிப்பிலும் பேரல் அனுப்புவதிலும் கழிக்கிறது. ஆனால் மின்சாரக் கேட்புக் கட்டணமும் (ஒப்பந்த மின்சுமைக்காக மாதந்தோறும் கட்டுவது) நிரந்தரப் பணியாளர் சம்பளமும் வங்கி வட்டியும் பருவம் பார்த்து வருவதில்லை. செலவு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளமான செலவு மையம் இப்படிப்பட்ட ஆலைக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்ற கேள்விக்கு, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் சில பருவங்களை முடித்துவிட்ட நிலையில் இப்போது ஓரளவு தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது.

அடிப்படை அமைப்பு எளிது. நிறுவனத்தைப் பதிவு செய்தவுடன் அதன் பெயரிலேயே ஒரு வேர் மையமும், அதன்கீழ் ‘மெயின்’ என்ற கிளை மையமும் தாமாகவே உருவாகிவிடும். அதன்பின் மரம்போல் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வளர்க்கலாம். தொகுப்பு மையத்தில் நேரடியாகப் பதிவு போட முடியாது. கடைசிக் கிளையில் மட்டுமே போட முடியும். வரவு செலவுக் கணக்கைத் தொடும் ஒவ்வொரு பதிவுக்கும் செலவு மையம் கட்டாயம் என்பதால், பதிவு செய்பவர் குறிப்பிடாமல் விட்டால் நிறுவனத்தின் இயல்பு மையமான ‘மெயின்’ தலையில் அது போய் விழும். ஆகவே மாதக் கடைசியில் நான் முதலில் பார்ப்பது மெயினில் சேர்ந்திருக்கும் தொகையைத்தான். அது பெருத்திருந்தால் மற்ற அறிக்கைகளைப் பார்ப்பதில் பொருளில்லை. பொருள் பதிவேட்டிலேயே கொள்முதலுக்கும் விற்பனைக்கும் உரிய மையத்தைக் குறித்துவைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பதிவுகள் விழுந்துவிட்ட கிளை மையத்தைப் பிற்பாடு தொகுப்பாக மாற்ற மென்பொருள் அனுமதிக்காது. பின்னாளில் பிரியக்கூடும் என்று தோன்றும் எந்தப் பிரிவையும் முதலிலேயே தொகுப்பாக உருவாக்கி, அதன்கீழ் ஒரே ஒரு கிளையை வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் ‘பேக்கிங்’ பிரிவை அப்படித்தான் வைத்தோம். ஏ10 என்ற பெரிய அளவு டின்னும், கிருமிநீக்கிய கூழை அடைக்கும் அசெப்டிக் பேரலும் தனித்தனி மேற்பார்வையாளரிடம் போனபோது இன்னொரு கிளையைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. எந்திரத்துக்கு ஒரு மையம் என்று போவதைவிட, செலவு செய்ய முடிவெடுக்கும் ஆளுக்கு ஒரு மையம் என்று வகுப்பதே சரி என்பது என் கருத்து. பதில் சொல்ல ஆளில்லாத மையத்தின் அறிக்கையை யாரும் படிப்பதில்லை.

பெங்களூராவுக்கு ஒன்று, அல்போன்சாவுக்கு ஒன்று என்று ரகவாரியாக மையம் அமைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை நான் ஏற்கவில்லை. ரகம் என்பது பொருள் பட்டியலிலோ, கணக்குப் பரிமாணம் (பதிவுகளில் செலவு மையத்தோடு கூட இன்னொரு வகைப்பாட்டையும் குறிக்க உதவுவது) என்று இம்மென்பொருள் தரும் தனி வசதியிலோ இருக்க வேண்டியது. மரத்துக்குள் ரகத்தை நுழைத்தால் ஒவ்வொரு பிரிவின் அடியிலும் அதே கிளைகளை மறுபடி மறுபடி நட வேண்டியிருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் காஸ்ட் கேட்டகரி என்ற ஏற்பாட்டின் மூலம் ஒரே தொகையைப் பிரிவுவாரியாகவும் ரகவாரியாகவும் பக்கத்தில் பக்கத்தில் ஒதுக்கிப் பழகியவர்களுக்கு, இங்கே அந்த இடத்தை நிரப்புவது கணக்குப் பரிமாணம்தான்.

இனிதான் விஷயமே இருக்கிறது. தொடர் சரக்கு மதிப்பீட்டை (சரக்கு வந்து போகும்போதெல்லாம் அதன் மதிப்பு தானாகவே கணக்கில் ஏறி இறங்கும் முறையை) இயக்கியிருக்கும் நிறுவனத்தில், மண்டியிலிருந்து வாங்கிய பழத்தின் விலை செலவுக் கணக்குக்கே வருவதில்லை. அது இருப்புக் கணக்கில் ஏறி, கூழாக மாறியபின்னும் இருப்பாகவே தொடர்ந்து, பேரல் ஆலையை விட்டுக் கிளம்பும் நாளில்தான் விற்ற சரக்கின் அடக்கமாகச் செலவில் விழுகிறது. அப்போதும் அந்த விநியோகச் சீட்டின் வரிசையில் குறித்த மையத்தில்தான் விழுகிறது. ஜூன் மாதத்தில் பழம் மலைபோல் இறங்கியபோதும் கூழெடுக்கும் பிரிவின் அறிக்கையில் பழத்துக்கென ஒரு ரூபாயும் தெரியாததைக் கண்டு, எங்கள் உற்பத்தி மேலாளர் மென்பொருளில் ஏதோ கோளாறு என்றே நினைத்தார். கோளாறு ஏதுமில்லை, சரக்குக் கணக்கின் இயல்பு அது. உற்பத்திப் பதிவில் கூடுதல் செலவாகக் கூலியையும் எரிபொருளையும் சேர்க்கும்போது, அந்தத் தொகை கூழின் மதிப்பில் ஏறி, நாம் தேர்ந்த செலவுக் கணக்கில் வரவாகப் பதிந்து அங்கே செலவைக் குறைக்கிறது. ஆகவே ஒரு பிரிவில் பருவத்தின் இறுதியில் எஞ்சி நிற்பது முழுச் செலவு அன்று. கூழின் அடக்கத்துக்குள் ஏறாமல் தங்கிவிட்ட செலவு. என் பார்வையில் ஆலை முதலாளிக்கு இதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை. ஆனால் ‘ஒரு கிலோ கூழுக்கு என்ன அடக்கம்’ என்ற கேள்வியைச் செலவு மைய அறிக்கையிடம் கேட்கக் கூடாது. அதற்குச் சரக்கு மதிப்பு அறிக்கை இருக்கிறது.

பாய்லர் போன்ற பொதுப் பிரிவுகளின் செலவைப் பங்கிட, 14-ஆம் பதிப்பிலிருந்து செலவு மைய ஒதுக்கீடு என்ற தனி ஆவணம் உள்ளது. முதன்மை மையத்தையும் (யாருடைய செலவைப் பங்கிடுகிறோமோ அந்த மையம்), எந்தத் தேதியிலிருந்து என்பதையும், பங்கு பெறும் மையங்களின் விழுக்காட்டையும் கொடுத்தால் போதும். கூட்டுத்தொகை 100 ஆக இருக்க வேண்டும். பதிவு விழும்போதே தொகை பிரிந்துவிடுவதால் மாதக் கடைசி வேலை மிச்சம். இதன் மறுபக்கம், பாய்லரின் மொத்தச் செலவைப் பாய்லர் மையத்தில் பார்க்க முடியாமல் போவது. அதற்காகவே பிரிக்கெட் (அழுத்திச் செய்த எரிகட்டி), விறகு, பாய்லர் பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கணக்குத் தலைப்புகள் வைத்திருக்கிறோம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் முதலில் செலவு ஓரிடத்தில் சேர்ந்து, மாத முடிவில் நீராவி அளவு, ஆள் எண்ணிக்கை போன்ற அளவைக் கொண்டு சுழற்சி முறையில் பங்கிட முடியும். இங்கே இருப்பது நிலையான விழுக்காடு மட்டுமே. ஓசூரின் பெரிய ஆலைகளுக்கு இது போதாமல் போகலாம், எங்களுக்குப் போதுகிறது.

பருவத்துக்கு ஒரு விழுக்காடும் பருவமில்லாக் காலத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஒதுக்கீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். புதிய ஒதுக்கீட்டின் தொடக்கத் தேதி, முதன்மை மையத்தில் கடைசியாக விழுந்த பதிவின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தாக வேண்டும் என்பதால், மாதம் பிறந்ததும் வேறெந்தப் பதிவுக்கும் முன்பே அதைச் சமர்ப்பித்துவிட வேண்டும்.

வரவு செலவுத் திட்டம் எங்களைப் போன்றோருக்கு நன்றாகவே பொருந்துகிறது. மாதவாரிப் பங்கீட்டில் ஆண்டுத் தொகையைப் பருவத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக் கொடுக்கலாம். பன்னிரண்டால் வகுத்துவிட்டு ஜூனில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வரம்பு மீறினால் தடுப்பதா, எச்சரிப்பதா, விட்டுவிடுவதா என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். பழ லாரி வாசலில் நிற்கும் காலத்தில் உதிரிபாகக் கொள்முதல் ஆணை தடைபட்டால் ஒரு உற்பத்தி வரிசையே நின்றுவிடும் என்பதால், பராமரிப்புக்கு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டு, நிர்வாகச் செலவுக்கு மட்டும் தடை வைத்திருக்கிறோம்.

இன்னும் கையால் செய்துவருவது ஒன்று. ஆகஸ்டு மின்கட்டணப் பட்டியல் செப்டம்பரில் கைக்கு வருகிறது. அதை வந்த தேதியில் பதிந்தால் பருவச் செலவு பருவமில்லா விழுக்காட்டில் பிரிந்துவிடும். அதனால் மீட்டர் அளவைப் பார்த்து ஆகஸ்டு 31 தேதியிட்டு ஒரு உத்தேசப் பதிவு போட்டு, பட்டியல் வந்தபின் வித்தியாசத்தை மட்டும் சரிசெய்கிறோம்.